பிக்அப் தொட்டிக்கு நாமே செய்யும் தற்காலிக மூடி: எவ்வளவு மிச்சமாகும், எப்படிக் கட்டினால் நிற்கும்

நீங்கள் கேட்டது இதுதான்: டபுள் கேபின் பிக்அப், திறந்த தொட்டி, நெடுஞ்சாலையில் போய்வர ஏறக்குறைய 3000 கிலோமீட்டர். கடையில் விற்கிற மூடியை வாங்க மனமில்லை, தொட்டியில் துளை போடவும் விருப்பமில்லை, திரும்பி வந்ததும் கழற்றி ஓரமாக வைத்துவிட வேண்டும். தார்ப்பாயோ பிளைவுட்டோ வைத்து நாமே ஒரு மூடி செய்தால் டீசல் மிச்சமாகுமா, அல்லது டெயில்கேட்டை, அதாவது தொட்டியின் பின்கதவை, இறக்கிவிட்டு ஓட்டினாலே போதுமா?

செய்யலாம், மிச்சமாகும், ஆனால் கொஞ்சம்தான். டெயில்கேட்டை இறக்காதீர்கள். மூடி தட்டையாக இருக்கட்டும், சாய்வு வேண்டாம். செலவையும் நேரத்தையும் மூடியின் பரப்பில் போடாமல் அதன் விளிம்புகளிலும் கட்டிலும் போடுங்கள். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்துவிட்டால் உங்கள் கையில் கிடைக்கிற பொருளை வைத்து நீங்களே முடிவெடுத்துக்கொள்ளலாம்.

முதலில் டெயில்கேட். பார்ப்பதற்கு அது காற்றை மறித்து நிற்கிற சுவர் மாதிரி தெரியும், இறக்கிவிட்டால் காற்று நேராக ஓடிப்போய்விடும் என்று தோன்றும். உண்மையில் கேபின் கூரையைத் தாண்டி வருகிற காற்று நேராகத் தொட்டிக்குள் இறங்குவதில்லை. கேபினுக்குப் பின்னால் பிரிந்து, தொட்டிக்குள் இருக்கிற காற்றை ஒரு பெரிய சுழலாகச் சுற்ற வைத்துவிட்டு, அந்தச் சுழலின் முதுகின் மேல் ஏறிப் பின்பக்கம் போகிறது. அந்தச் சுழலைப் பிடித்து வைத்திருப்பதே மூடியிருக்கிற டெயில்கேட்தான். அதை இறக்கினால் சுழல் கலைந்து, மேலே போன காற்று கேபினின் முதுகுக்குப் பின்னாலேயே கீழே விழுந்து, வண்டிக்குப் பின்னால் இழுக்கிற தாழ்வழுத்தம் கூடுகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் காற்றுச் சுரங்கச் சோதனைகள் செய்த கெவின் கூப்பர் 2004-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவும் இதுதான், டெயில்கேட்டை ஏற்றியே வையுங்கள் என்று. இறக்கினால் உங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, சாமான் பின்னால் நழுவினால் தடுக்க ஒன்றுமில்லை. அந்த யோசனையை இத்தோடு விட்டுவிடலாம்.

மூடி என்ன செய்கிறது என்றால், அந்தச் சுழல் உட்கார்ந்திருக்கிற பள்ளத்தையே அடைத்துவிடுகிறது. மேலே வருகிற காற்று டெயில்கேட்டின் உள்பக்கத்தில் முட்டுவதற்குப் பதிலாகத் தட்டையான பரப்பில் இறங்கிப் பின் விளிம்பில் சுத்தமாகப் பிரிகிறது. காற்றுத் தடை ஒரு 5 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு வண்டி இது மாறும், தொட்டியின் நீளத்தைப் பொறுத்தும் மாறும்.

அந்த 5 சதவீதம் டாங்கில் எவ்வளவு என்று பார்ப்போம். 2 டன் எடை, 2.8 சதுர மீட்டர் முகப்புப் பரப்பு, தடைக் குணகம் (வடிவம் காற்றை எவ்வளவு மறிக்கிறது என்கிற எண்) 0.42 என்று ஒரு சாதாரண பிக்அப்பை எடுத்துக்கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்று பின்னுக்குத் தள்ளுகிற விசை ஏறக்குறைய 55 கிலோ. டயர் உருளுகிற தடை இன்னும் ஒரு 22 கிலோ. மொத்தம் 77. காற்றில் 5 சதவீதம் குறைந்தால் 55-ல் இரண்டேமுக்கால் கிலோ போகிறது, மொத்தத்தில் அது மூன்றரை சதவீதம். எஞ்சின் சுமை குறைந்தால் அதன் திறனும் லேசாகக் குறையும் என்பதால் டீசலில் இரண்டரை முதல் மூன்று சதவீதம் என்று கணக்கு வைப்பது நியாயம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருகிற வண்டி 3000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் குடிக்கும், அதில் உங்களுக்கு மிச்சம் ஆறேழு லிட்டர். மூடிக்குச் செலவழிக்கிற தொகை அந்த ஆறேழு லிட்டர் விலைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அதைவிட எவ்வளவோ அதிகமாகப் போகிறது என்றால் செய்யாமலே இருக்கலாம். சாமான் நனையாது, தூசி படியாது, கண்ணில் படாது என்கிற பலனும் சேர்கிறது, அதற்கு நீங்கள் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இதே கணக்கில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 100-க்குப் பதில் 80-ல் போனால் அந்த 55 கிலோ 35 ஆகிவிடும். மூடி இரண்டேமுக்கால் கிலோவைக் குறைக்கிறது, வேகத்தை 20 குறைத்தால் 20 கிலோ குறைகிறது. மூடி வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை, நானே இரண்டு முறை செய்திருக்கிறேன், மூடி போட்ட தைரியத்தில் 110-ல் பறந்தால் மிச்சமானதற்கு மேலேயே செலவாகிவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். நகரத்துக்குள் நின்று நின்று ஓட்டுகிறவர்களுக்கு இந்த வேலையால் எரிபொருளில் பலன் இல்லவே இல்லை என்றே சொல்லலாம்.

சரி, சாய்வு மூடி. கேபின் கூரையிலிருந்து டெயில்கேட் வரைக்கும் சரிவாக இறங்குகிற மூடிகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள், தட்டை மூடியைவிட அவை அதிகம் மிச்சம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் கோணம்தான் எல்லாம். 1984-ல் அஹமது என்கிற ஆய்வாளர் தன் குழுவோடு ஒரு எளிய கார் வடிவக் கட்டையின் பின் சரிவை மாற்றி மாற்றி அளந்தார்கள், இன்றைக்கும் எல்லோரும் அந்த வடிவத்தை அஹமது பாடி என்றே சொல்கிறார்கள். சரிவு 12 டிகிரி வாக்கில் தடை மிகக் குறைவாக இருந்தது, அதற்கு மேல் ஏற ஏற கூடிக்கொண்டே போய் 30 டிகிரியில் உச்சத்தைத் தொட்டது. சரிவு அதிகமாகும்போது காற்று பரப்போடு ஒட்டி இறங்க முடியாமல் பிரிகிறது, இரண்டு ஓரங்களிலும் வலுவான சுழல்கள் உருவாகி வண்டியைப் பின்னுக்கு இழுக்கின்றன.

இப்போது உங்கள் வண்டியை அளந்து பாருங்கள். கூரை உயரத்துக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே அரை மீட்டர் இருக்கும், டபுள் கேபின் தொட்டியின் நீளம் ஒன்றரை மீட்டர் இருக்கும். கூரையிலிருந்து டெயில்கேட்டுக்கு நேராக ஒரு நூல் கட்டினால் கோணம் 18 டிகிரிக்கு மேல் வருகிறது. 12 டிகிரியில் இறங்க வேண்டுமென்றால் ஒன்றரை மீட்டரில் 32 சென்டிமீட்டர்தான் இறங்க முடியும், ஆக டெயில்கேட்டுக்கு மேல் இன்னும் 18 சென்டிமீட்டர் உயரத்தில் மூடி முடிய வேண்டும், அந்த இடைவெளியை அடைக்க ஒரு பின்சுவர், இரண்டு பக்கமும் முக்கோணச் சுவர்கள், எல்லாவற்றையும் தாங்க உள்ளே ஒரு சட்டம். நீளத் தொட்டி, அதாவது 2.4 மீட்டர் இருக்கிற சிங்கிள் கேபின் வண்டிக்கு இந்தக் கணக்கு அழகாகப் பொருந்தும், அரை மீட்டர் இறக்கத்துக்கு 12 டிகிரி சரியாக வந்து உட்காரும். உங்கள் வண்டிக்கு, ஒரே ஒரு பயணத்துக்கு, கழற்றி வைக்க வேண்டிய ஒன்றுக்கு, இது வேண்டாத வேலை. உள் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியும் தெரியாமல் போய்விடும்.

இனி இந்தப் பதிலின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன், காற்று மூடியைத் தூக்குகிற விசை. மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்றின் இயக்க அழுத்தம், அதாவது அதன் ஓட்டத்தால் வருகிற அழுத்தம், ஒரு சதுர மீட்டருக்கு 47 கிலோ, 80-ல் 30 கிலோ, 120-ல் 68 கிலோ. உங்கள் தொட்டியின் பரப்பு ஒன்றரைக்கு ஒன்றரை, இரண்டேகால் சதுர மீட்டர். மூடி இறுக்கமாக இருந்து, மேலே லேசான உறிஞ்சல் மட்டும் இருக்கிறது என்றால் தூக்கு விசை ஒரு 30 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு விளிம்பு பிரிந்து காற்று அடியில் நுழைந்துவிட்டால் அது 100 கிலோவுக்கு மேல் போகும். எதிரே ஒரு லாரி விசுக்கென்று கடந்தாலோ குறுக்குக் காற்று அடித்தாலோ அதுவும் இதோடு சேரும். அதுவும் ஒரே சீராக இழுக்காது, விட்டு விட்டு உதறும். கயிறு அறுவதும் ஆணி பிடுங்குவதும் அந்த உதறலில்தான்.

இந்த எண்களைப் பார்க்காமல்தான் என் முதல் மூடியைச் செய்தேன். நல்ல கனமான தார்ப்பாய், நான்கு ஓரமும் ஐலெட்டில் (துணியின் ஓரத்துளையில் பதித்த உலோக வளையம்) எலாஸ்டிக் கொக்கிக் கயிறு, வண்டி நிற்கும்போது மத்தளம் மாதிரி இறுக்கமாக இருந்தது. 80-ஐத் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தால் தார்ப்பாய் நடுவில் ஒரு சாண் உயரத்துக்குப் புடைத்து நின்றது. தொட்டியின் உள்ளே அழுத்தம் அதிகம், மேலே குறைவு, எலாஸ்டிக் அதற்கு ஏற்ப நீண்டு கொடுத்திருக்கிறது. அந்தப் புடைப்பு நிலையாக நிற்காமல் அலை அடிக்கத் தொடங்கியது. 200 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் இடது முன் மூலையில் ஒரு ஐலெட் பிய்ந்து, அதன் சுமை பக்கத்து ஐலெட்டுக்குப் போய், அதுவும் பிய்ந்து, மீதித் துணி சாட்டை மாதிரி கேபின் கண்ணாடியில் அடிக்கிற சத்தம் கேட்டுத்தான் வண்டியை ஓரம் கட்டினேன். ஐலெட் வளையம் கயிற்றில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துணி. பின்னால் யாரும் நெருக்கமாக வரவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் நிம்மதியாக இருக்கிறது. அந்தத் துணி ஒரு மோட்டார் சைக்கிள்காரர் முகத்தில் போய் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். உதறுகிற தார்ப்பாய் காற்றுத் தடையைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு சொட்டு டீசலும் மிச்சமாகியிருக்காது.

ஆகவே சட்டம் வேண்டும், விறைப்பான மேல்பரப்பு வேண்டும், எலாஸ்டிக் வேண்டாம். இரண்டாவது முறை நான் செய்தது இப்படி.

சட்டத்துக்கு ஓட்டு ரீப்பர் மாதிரி 5 சென்டிமீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் மரச்சட்டங்கள். தொட்டியின் அகலத்துக்குக் குறுக்கே நான்கு: முன் விளிம்பில் ஒன்று, பின் விளிம்பில் ஒன்று, நடுவில் அரை மீட்டருக்கு ஒன்றாக இரண்டு. அவற்றை இணைத்து நீளவாக்கில் மூன்று, இரண்டு ஓரம், ஒரு நடு. ஏணி மாதிரி ஒரு சட்டகம் கிடைக்கும். இது பக்கச் சுவர்களின் மேல் விளிம்பில் உட்காரும், வண்டியின் அகலத்தைத் தாண்டி ஒரு விரல்கூட நீட்டக் கூடாது. குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு முனையிலும் ஒரு சின்ன மரத்துண்டைத் திருகிவிடுங்கள், தொட்டியின் உள்சுவரை ஒட்டினாற்போல. துளையே போடாமல் சட்டகம் இடம் வலம் நகராமல் பிடித்துக்கொள்வது இந்தத் துண்டுகள்தான், செய்வதற்கு கால் மணி நேரம் போதும், நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். மரம் பெயின்ட்டைத் தொடுகிற இடமெல்லாம் ஃபோம் டேப் ஒட்டுங்கள். கீறல் விழாது, சந்தும் அடைபடும்.

நடு நீளச் சட்டத்தை மட்டும் அடியில் சின்னக் கட்டைகள் கொடுத்து மூன்று நான்கு சென்டிமீட்டர் உயர்த்திவிடுங்கள். மேல்பரப்பு லேசான முதுகு மாதிரி வளைந்து, மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் வழியும். இது இல்லாவிட்டால் நடுவில் தண்ணீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் சராசரி 3 சென்டிமீட்டர் தேங்கினாலே 30 கிலோ, அது மேலும் பள்ளத்தை ஆழமாக்கி இன்னும் தண்ணீரை வாங்கும்.

மேல்பரப்புக்கு என் தேர்வு நெளிவு பிளாஸ்டிக் ஷீட், விளம்பரப் பலகை செய்கிறவர்கள் வைத்திருப்பார்களே, இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே குழல் குழலாக இருக்கும், 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமன். பழைய விளம்பரப் பலகை கிடைத்தால் இன்னும் நல்லது, எழுத்து இருக்கிற பக்கம் உள்ளே போகட்டும். எடை மிகக் குறைவு, நனைந்தால் ஊறாது, கத்தியால் வெட்டலாம். 6 மில்லிமீட்டர் பிளைவுட்டும் நன்றாகவே நிற்கும், ஒரு ஆள் தனியாகத் தூக்கி வைப்பது கஷ்டம், ஓரத்தில் பெயின்ட் அடிக்காவிட்டால் மழையில் உப்பிவிடும். மூடியின் எடையால் எரிபொருள் போய்விடும் என்று கவலைப்பட வேண்டாம், 20 கிலோ கூடினால் சமதளத்தில் உருளும் தடை கால் கிலோகூட ஏறாது. தெர்மாகோல் பலகையை மட்டும் தொடாதீர்கள், உடைந்து துண்டு துண்டாகச் சாலையில் பறக்கும்.

குழல்கள் வண்டியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குழல் ஓடுகிற திசையில் ஷீட் விறைப்பாக இருக்கும், ஒரு குறுக்குச் சட்டத்திலிருந்து அடுத்ததுக்குத் தொய்யாமல் நிற்கும், அதே சமயம் அகலவாக்கில் அந்த முதுகு வளைவுக்குச் சுலபமாக வளைந்து கொடுக்கும். ஷீட் வழக்கமாக 1.2 மீட்டர் அகலத்தில் வருவதால் உங்கள் தொட்டியை ஒரே துண்டில் மூட முடியாது, முக்கால் மீட்டர் அகலத்தில் இரண்டு துண்டு வெட்டி, இணைப்பை நடு நீளச் சட்டத்தின் மேல் கொண்டுவாருங்கள். இணைப்பு வண்டியின் நீளவாக்கில் போவதால் காற்று அதைப் பிரிப்பதற்கு வழி குறைவு, மேலே ஒரு மெல்லிய பட்டி வைத்துத் திருகி டேப் ஒட்டிவிட்டால் தண்ணீரும் இறங்காது. குழல்களின் திறந்த வாய்களை முன்னும் பின்னும் டேப்பால் அடைத்துவிடுங்கள். சட்டம் முழுக்க 15 சென்டிமீட்டருக்கு ஒரு திருகு, ஒவ்வொன்றுக்கும் அகலமான வாஷர். வாஷர் இல்லாத திருகுத் தலை பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

முன், பின் விளிம்புகளுக்குத் திருகு போதாது. அங்கே ஷீட்டுக்கு மேலே இன்னொரு மரப்பட்டியை முழு அகலத்துக்கும் வைத்து, கீழே இருக்கிற சட்டத்தோடு சேர்த்துப் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஷீட் இரண்டு மரத்துக்கும் நடுவே கடிபட்டு நிற்கும், சுமை ஏதோ ஒரு புள்ளியில் இல்லாமல் விளிம்பு முழுக்கப் பரவும். ஷீட் கிடைக்காமல் தார்ப்பாயே போடுகிறீர்கள் என்றாலும் இதே முறைதான்: ஐலெட்டை நம்பாமல், துணியின் ஓரத்தை ஒரு ரீப்பரில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அந்த ரீப்பரைச் சட்டத்தோடு போல்ட் செய்யுங்கள். நான்கு பக்கமும் அப்படி. துணி சட்டத்தின் மேல் கையால் அழுத்தினாலும் தொய்யாத அளவுக்கு இருக்க வேண்டும்.

முன் விளிம்பு கேபினுக்குப் பின்னால் மறைந்துதானே இருக்கிறது, அங்கே காற்று எங்கே வரும் என்று நினைக்கத் தோன்றும். கேபினுக்குப் பின்னால் காற்று திரும்பி முன்னோக்கி ஓடும். மூடியில் ஒரு சாண் நீளக் கம்பளி நூல்களை வரிசையாக ஒட்டி, வேறொரு வண்டியிலிருந்து யாரையாவது படம் எடுக்கச் சொன்னால் இது கண்ணுக்கே தெரியும்: கேபினை ஒட்டிய நூல்கள் கேபினைப் பார்த்துப் பறக்கும், நடுவில் குழம்பிச் சுழலும், டெயில்கேட்டை நெருங்கும்போதுதான் ஒழுங்காகப் பின்னால் படுக்கும். காற்று இரண்டு திசையிலிருந்தும் விளிம்பைத் தேடி வரும் என்பதால் இரண்டு விளிம்பையும் ஒரே அக்கறையோடு அடையுங்கள்.

இப்போது சட்டகத்தை வண்டியோடு கட்டுவது. தொட்டிக்குள் நான்கு மூலையிலும் சாமான் கட்டுகிற கொக்கிகள் இருக்கும். குறுக்குச் சட்டங்களிலிருந்து அந்தக் கொக்கிகளுக்கு நேராகக் கீழ்நோக்கி ராட்செட் பெல்ட்டோ (பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குகிற பட்டை) நீளாத கயிறோ கட்டுங்கள். கீழ்நோக்கி இழுக்கிற கட்டுதான் தூக்கு விசையைத் தாங்கும், மேலே குறுக்காகப் போடுகிற பெல்ட் அதற்குத் துணை. 100 கிலோ என்று மேலே சொன்னதை நினைவில் வைத்து, ஒவ்வொரு மூலைக் கட்டும் தனியாகவே அந்த அளவைத் தாங்கும்படி எடுத்தால் ஒன்று அறுந்தாலும் மூடி போகாது. கடைசியாக ஒரு பாதுகாப்புக் கயிறு, சட்டகத்தின் நடுச் சட்டத்திலிருந்து ஒரு கொக்கிக்குத் தளர்வாக. அதற்குத் தினமும் வேலை இல்லை, எல்லாம் பிய்ந்தாலும் மூடி சாலைக்குப் போகாமல் தொட்டியோடு கிடக்கட்டும் என்பதற்காக.

வெளியே தெரிகிற பெல்ட் எதுவாக இருந்தாலும் கட்டுவதற்கு முன்னால் அதை ஒரு முறை, நீளமானால் இரண்டு முறை, முறுக்கிவிடுங்கள். தட்டையான பெல்ட் காற்றில் ஒரு வேகத்தில் ரீங்காரமிடத் தொடங்கி, அந்த அதிர்விலேயே ராட்செட் தளரும், ஓரம் தேயும். முறுக்கு விழுந்தால் நீளம் முழுக்க ஒரே தாளத்தில் அதிர முடியாது, சத்தம் நின்றுவிடும். மீதித் தொங்கலைச் சுருட்டி டேப் போடுங்கள்.

சாமான் எதுவும் மூடியைத் தொடாமல், தொட்டி விளிம்புக்குக் கீழேயே இருக்க வேண்டும், அதைத் தனியாகக் கட்டியிருக்கவும் வேண்டும், மூடி சாமானைப் பிடித்து வைக்கிற பொருள் இல்லை. பெட்ரோல் கேன், கேஸ் சிலிண்டர் போன்றவற்றை இதற்கடியில் வைக்காதீர்கள், ஆவி போக வழியில்லை. ஆளோ நாயோ கோழியோ எந்த உயிரும் உள்ளே வேண்டாம். வண்டிக்குப் பின்னாலிருக்கிற தாழ்வழுத்தம் புகையை முன்னுக்கு இழுக்கும், மூடிய தொட்டிக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே தெரியாது.

கேபினின் பின்பக்கம் மேலே இருக்கிற மூன்றாவது பிரேக் விளக்கு, பின் விளக்குகள், நம்பர் பலகை, இவை எதையும் மூடியோ தொங்குகிற பெல்ட்டோ மறைக்கக் கூடாது. தட்டை மூடியில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது, டெயில்கேட் மேல் மடிந்து தொங்குகிற தார்ப்பாயில் கட்டாயம் வரும்.

முதல் ஓட்டம் கிளம்புகிற நாளில் வேண்டாம், அதற்கு முந்தைய நாளே. ஆள் குறைவான சாலையில் 40-ல் கொஞ்ச தூரம், நிறுத்தி எல்லா விளிம்பையும் கையால் தூக்கிப் பாருங்கள். அப்புறம் 60, மறுபடி நிறுத்துங்கள், அப்புறம் 80. பயணத்தில் முதல் 20 கிலோமீட்டரில் ஒரு முறை நின்று பெல்ட்டைத் திரும்ப இறுக்குங்கள், புது பெல்ட்டும் புது மரமும் முதல் அரை மணியில்தான் இளகி உட்காரும். அதற்குப் பிறகு டீசல் போட நிற்கும்போதெல்லாம் ஒரு சுற்று வந்தால் போதும்.

உண்மையிலேயே மிச்சமாகிறதா என்று அளந்து பார்க்க ஆசை இருந்தால், ஒரு டாங்க் மூடியோடு, ஒரு டாங்க் மூடி இல்லாமல் என்று ஒப்பிடுவதை நம்பாதீர்கள், காற்று, வெயில், நெரிசல், பம்ப்பில் நிரப்புகிற அளவு எல்லாம் சேர்ந்து 3 சதவீதத்தை விழுங்கிவிடும். நேரான, வெறிச்சோடிய சாலையில் 100-லிருந்து நியூட்ரலில் விட்டு 70-க்கு இறங்க எத்தனை வினாடி என்று அளக்கலாம், நேரத்தை பக்கத்து இருக்கையில் இருப்பவர் எடுக்கட்டும். மேலே சொன்ன வண்டிக்கு அது 27 வினாடி வாக்கில் வரும், மூடி போட்டால் ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவாகக் கூடும், அவ்வளவுதான் வித்தியாசம். சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறினாலே அந்த வித்தியாசம் முழுக்க அழிந்துவிடும். அதனால் ஒரே இடத்தில் இரண்டு திசையிலும், காற்றில்லாத விடியற்காலையில், திசைக்கு ஐந்தாறு தடவை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். மூடியோடு, மூடி இல்லாமல், திரும்பவும் மூடியோடு என்று மூன்று சுற்று வைத்து, முதலாவதும் மூன்றாவதும் ஒத்துப்போனால் மட்டும் அந்த எண்ணை நம்புங்கள்.

திரும்பி வந்ததும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மூடியை அப்படியே இரண்டு பேராகத் தூக்கிச் சுவரில் நிமிர்த்தி வைத்துவிடலாம், திருகுகளைப் பிரிக்கத் தேவையில்லை. வெளியே வெயிலில் மாதக்கணக்கில் விடாதீர்கள், விளம்பரப் பலகைப் பிளாஸ்டிக் வெயிலில் மொறுமொறுப்பாகிவிடும். அடுத்த முறை போடுவதற்கு முன்னால் ஷீட்டின் ஒரு மூலையை மடக்கிப் பாருங்கள், வளைந்தால் இன்னொரு பயணம் தாங்கும், நொறுங்கினால் ஷீட்டை மட்டும் மாற்றிவிட்டு அதே சட்டகத்தை வைத்துக்கொள்ளலாம்.